ஆறு பேருக்கு ஒரு வண்டி

பிப்ரவரி 11, 2019. திங்கள்

மைனஸ் இருபத்தாறு. கார் இன்றைக்கும் கிளம்பவில்லை. என் கணவர் குபானிச் மூன்று கெட்டில் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார், அப்புறம் திட்டிப் பார்த்தார், இரண்டுக்கும் அது அசையவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனோம். மகள் மீரிம் முன்னால் ஓட, சின்னவன் எலமான் என் கையைப் பிடித்துக்கொண்டு வர, ஐந்து மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நான். முதல் பாடவேளைக்குப் பதினைந்து நிமிடம் தாமதம். கணக்கு டீச்சரே தாமதமாக வந்தால் பிள்ளைகள் விடுவார்களா? கடைசி வரிசை கைதட்டியது.

சாயங்காலம் மாமனார் அடுப்பை விட்டு எழுந்திருக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அதுக்கும் வயசாயிடுச்சு, எனக்கும் வயசாயிடுச்சு. என்னை மாத்த முடியாது. அதை மாத்துங்க."

ஆக, புது வண்டி. புதுசு என்றால் எங்களுக்குப் புதுசு. ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்துப்போனது. நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. இரண்டு சக்கரத்தை நம்பி எங்கள் மலையூர் கொச்கோரில் ஒரு குளிர்காலத்தைக் கடத்துவது எவ்வளவு அழகு என்று இன்று காலை பார்த்தோமே.

பிப்ரவரி 17, ஞாயிறு

சண்டை வந்துவிட்டது. இருக்கைகளில்.

எனக்கு வேன் வேண்டும். ஏழு இருக்கை, பின்வரிசையை மடக்கினால் இரண்டு ஆடு நிற்கும். அவருக்குத் தரையிலிருந்து உயர்ந்து நிற்கிற சுபாரு மாதிரி ஒன்று வேண்டும். ஐந்து இருக்கை.

"வேன் தரையோட தரையா ஊர்ந்து போகும். கிசார்ட் கணவாயில பனி அதோட வயித்தைத் தட்டும். அண்ணன் வீட்டுக்கு இனிமே குளிர்காலத்துலயும் போய் வரணும்" என்றார்.

அவருடைய அண்ணன் கணவாய்க்கு அந்தப் பக்கம், சாயெக்கில் இருக்கிறார். நவம்பர் முதல் மார்ச் வரை எங்கள் கார் அங்கே ஏறாது. நியாயம்தான். ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. மாமனார், அவர், நான், மீரிம், எலமான், வரப்போவது. ஆறு. ஐந்தில் ஆறு எப்படி உட்காரும்?

"சின்னதுதானே, மடியில வெச்சுக்கலாம்."

"எத்தனை வருஷத்துக்கு? அதுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்குமா?"

மாமனார் தாடிக்குள் சிரித்தார். குபானிச் சிரிக்கவில்லை. எழுந்து விறகு எடுக்கப் போய்விட்டார். விறகுக் கூடை நிறைந்துதான் இருந்தது.

மார்ச் 8, வெள்ளி

மகளிர் தினம். குபானிச் மூன்று துலிப் வாங்கி வந்தார். வரும் வழியிலேயே இரண்டு உறைந்துவிட்டன.

சாயெக்கிலிருந்து ராய்கான் அக்கா பேசினாள். என் ஓரகத்தி, அவருடைய அண்ணன் மனைவி. எடுத்ததும், "என்ன சாப்பிட்ட? சும்மா டீயும் ரொட்டியும்னு சொன்னே, இங்கேருந்தே அடிப்பேன்" என்றாள். அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. நான்கு முறை வயிற்றில் தங்கி நான்கு முறையும் போய்விட்டது. கடைசித் தடவை ஏழாவது மாதம். மீரிம் பிறந்தபோது எனக்கு ஜன்னி மாதிரி காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். நாற்பது நாளும் அவள்தான் இங்கே தங்கிக் குழந்தையைக் குளிப்பாட்டி, என்னையும் குளிப்பாட்டி, மாமனாருக்குச் சமைத்துப்போட்டாள். என் சொந்த அக்காகூட மூன்று நாளில் மாடு இருக்கிறது என்று கிளம்பிப் போனவள்.

"வேன் வாங்குன்னு நீங்களாவது இவருக்குச் சொல்லுங்க அக்கா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதெல்லாம் நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க" என்றாள். லைன் சரியில்லை போலிருக்கிறது.

மார்ச் 24, ஞாயிறு

தலைநகரத்துக் கார் சந்தை. காலை ஏழு மணிக்கே ஜே ஜே என்று கூட்டம். காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கதவில், மட்கார்டில் வைத்துப் பார்ப்பது என் வேலை. அடிபட்டுப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. குபானிச் படுத்து அடிப்பக்கம் பார்ப்பார்.

ஒரு வெள்ளை வேன் கிடைத்தது. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. வழுக்கினால்தான் பின்சக்கரம் சேர்ந்துகொள்ளுமாம், மற்ற நேரம் முன்சக்கரம் மட்டும். போதாதா? ஏழு இருக்கை. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் எலமான், இங்கே தொட்டில் இருக்கை, பின்னால் மாமனார் கால் நீட்டிக்கொள்ளலாம்.

விற்கிறவன் காதில் சிகரெட் செருகியிருந்தான். "மொத்தம் எத்தனை பேரு அண்ணே?"

"அஞ்சு" என்றார் குபானிச்.

நான் சிரித்துவிட்டேன். "ஆறு. கணக்கு டீச்சரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே தப்புக் கணக்கா?"

அவன் என் வயிற்றைப் பார்த்தான். "அக்கா சொல்றதுதான் சரி. ஆறாவது ஆளுதான் முன்னாடியே வந்து நிக்குதே!"

குபானிச் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது அண்ணன் வண்டியில வரும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்தான். எனக்குப் புரிந்துவிட்டது. உடனே புரிந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம். உள்ளுக்குள் எங்கேயோ முதலிலேயே தெரிந்திருக்கிறதா?

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். பக்கத்து இருக்கைக்காரி மடியில் முட்டைத் தட்டு. அழக்கூட இடமில்லை.

மார்ச் 25

பேசவில்லை.

மார்ச் 27, புதன்

இன்று வாயைத் திறக்க வைத்தேன்.

டிசம்பரில், குளிர்காலத்துக்குக் குதிரை அடித்து உறவையெல்லாம் கூப்பிட்டு விருந்து வைத்தோமே, அன்றைக்கு நடந்ததாம். எனக்கு மூன்று மாதம். அவருடைய அண்ணனுக்கு அன்று ஒரு துண்டு இறைச்சி இறங்கவில்லை. "எனக்கப்புறம் அந்த வீட்டுக் கதவைத் திறக்க ஆள் இல்லைடா" என்று சொன்னாராம். இவர் வாயிலிருந்து வந்துவிட்டதாம்: "வரப்போறது உனக்குத்தான் அண்ணே." உடனே மாமனார் கையை ஏந்தி ஆசி சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு பெரியவர்கள் முகத்தைத் தடவி ஆமீன் சொல்லியிருக்கிறார்கள். முடிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீயும்தானே கையை ஏந்தின? நீயும் முகத்தைத் தடவினியே. நான் பார்த்தேன். உனக்குச் சம்மதம்னுதான் நினைச்சேன்."

ஏந்தினேன்தான். தடவினேன்தான். இந்த வீட்டு மருமகள் விருந்தன்று என்ன செய்வாள்? வெந்நீர்ச் சமோவாருக்கும் சாப்பாட்டு விரிப்புக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பாள். டீப் பாத்திரத்தோடு உள்ளே வந்தேன், எல்லார் கையும் உயர்ந்திருந்தது, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையையும் உயர்த்தினேன். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேனா? பெரியவர்கள் நல்லதைத்தானே சொல்வார்கள்! பதினொரு வருஷமா எத்தனை தடவை கையைத் தூக்கியிருப்பேன், ஒரு தடவையாவது என்னன்னு கேட்டிருக்கேனா? என் பிள்ளையை நானே தூக்கிக் குடுத்துட்டு, பாத்திரத்தை எடுத்து டீ ஊத்தியிருக்கேன். சர்க்கரை வேணுமான்னு வேற கேட்டிருக்கேன்.

கணவனுக்கு மூத்தவர் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. எழுதவும் கூடாது. எழுதுகிறேன். அசான்குல். அசான்குல். அசான்குல்.

எழுதி என்ன ஆச்சு? ஒன்னும் ஆகல.

ஏப்ரல் 14, ஞாயிறு

கணவாயில் பனி குறைந்துவிட்டது. ராய்கான் அக்கா தனியாக வந்தாள், வாடகைக் காரில். வெண்ணெய், உலர்ந்த தயிர் உருண்டை, ஒரு பை நிறையத் துணித் துண்டுகள். பையைக் கதவு மூலையிலேயே வைத்தாள், என் பக்கத்தில் கொண்டுவரவில்லை.

எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நான் கேக்கலம்மா. சத்தியமா நான் கேக்கல. ஆம்பளைங்க பேசிக்கிட்டாங்க. நீ முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் போய் எனக்குத்தான் வேண்டாம், இந்த வயசுல என்னால முடியாதுன்னு சொல்லிடறேன். உன் பேரே வெளிய வராது."

இதைவிட ஒருத்தி என்ன சொல்ல முடியும்? கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் வெளியே நடந்தால் போதும்.

"டீ ஊத்தட்டுமா அக்கா?" என்றேன்.

அவளைத் திட்டுவதற்கு ஒரு மாதமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருக்கக் கூடாதா? கொஞ்சமாவது?

மே 19

வண்டிப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. பழைய காரே ஓடுகிறது, வெயில் வந்துவிட்டதே. மாமனார் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ரொட்டித் துண்டை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார், அவ்வளவுதான்.

ஜூன் 9, ஞாயிறு

பெண். மூன்று கிலோ நானூறு. அதிகாலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் வந்துவிட்டாள்; மற்ற இரண்டும் என்னை இப்படி விடவில்லை. என் மூக்கு. நெற்றியில் சுருக்கம், ஏதோ கணக்குப் போடுவது மாதிரி. குபானிச் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். நான் குழந்தையைக் காட்டவில்லை.

அப்புறம் காட்டினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். அழட்டும்.

ஜூன் 23

பதினான்கு நாள். நாற்பதாவது நாள் கொடுத்தாக வேண்டும். கழித்தால் இருபத்தாறு. ஏன்தான் கணக்குப் படித்தேனோ.

ஜூலை 11, வியாழன்

எழுதி வைக்கிறேன், அப்போதுதான் மாற மாட்டேன்: முடியாது என்று சொல்லப்போகிறேன். நாற்பதாவது நாள் எல்லாரும் இருக்கும்போதே சொல்வேன். பன்னிரண்டு பேர் நடுவில் போனது பன்னிரண்டு பேர் நடுவிலேயே திரும்பட்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். என் பிள்ளை, என் பால். அக்காவுக்கு ஆயிரம் செய்வேன், இது மட்டும் முடியாது.

மீரிம் பள்ளி நோட்டில் ஒரு வேன் வரைந்திருக்கிறாள். ஆறு ஜன்னல், ஆறு முகம். அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

நாற்பது.

எல்லாரும் வந்துவிட்டார்கள். முற்றத்தில் பூர்சோக் மாவுத் துண்டுகளைப் பொரித்துப் பொரித்து எண்ணெய் வாசனை. ராய்கான் அக்கா நாற்பதாம் நாள் சட்டையைக் கொண்டுவந்தாள். சாயெக்கில் நாற்பது வீட்டுக் கதவைத் தட்டி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு துண்டுத் துணி கேட்டு வாங்கித் தைத்தது. பனி உருகாத மாதத்திலேயே தொடங்கியிருக்கிறாள். வழக்கம்தான், என் இரண்டு பிள்ளைகளுக்கும் தைத்தோம். ஆனால் நாங்கள் பாதித் துண்டை வீட்டிலேயே வெட்டி ஒப்பேற்றினோம். இவள் நாற்பதும் வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு துண்டும் எந்த வீட்டுடையது என்று சொன்னாள்.

நாற்பது கரண்டித் தண்ணீர் குழந்தை மேல் ஊற்ற வேண்டும். வளர்க்கப்போகிறவள்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள். இதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நான் எழுந்து நின்றேன். சத்தியமாக எழுந்து நின்றேன். வாயும் திறந்தது.

அக்கா எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கரண்டித் தண்ணீர் பாதி வெளியே போயிற்று. பதினேழு வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. "பதினேழு" என்றாள், மறுபடியும் "பதினேழு" என்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கேட்காமல் கேட்டாள். இப்பவாவது சொல்லு, சொன்னா நிறுத்திடறேன்னு. சுற்றி நின்ற பெண்கள் ஏதோ எண்ணிக்கை மறந்துபோயிற்று என்று சிரித்தார்கள்.

"பதினெட்டு" என்றேன் நான்.

ஏன் சொன்னேன்? வகுப்பில் ஒரு பிள்ளை பாதியில் நின்றால் வாய் தானாகச் சொல்லுமே, அப்படியா? இல்லை. தெரிந்துதான் சொன்னேன். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. கடைசிவரைக்கும் நான்தான் எண்ணினேன். நாற்பது என்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

குழந்தைக்கு மூத்தார் பெர்மெத் என்று பெயர் வைத்தார். முத்து என்று அர்த்தம். மூன்று மணிக்குக் கிளம்பினார்கள்.

ஜூலை 20

பால் கட்டிக் கல்லாகக் கிடக்கிறது. கோஸ் இலை வைத்துக் கட்டியிருக்கிறேன்.

ஜூலை 28, ஞாயிறு

எலமான் கேட்டான்: "பாப்பாவை எப்ப திருப்பிக் கொடுப்பாங்க?" கோடை விடுமுறைக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். மீரிம்தான் பதில் சொன்னாள்: "திருப்பிக் கொடுக்க அது என்ன புத்தகமாடா?" என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒன்பது வயசு. என்னிடம் ஒரு வாரமாகப் பேசவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வெளியே ஹாரன் இரண்டு தடவை அடித்தது. குபானிச் யாரிடமோ இரவல் கேட்டு ஒரு வேனை ஓட்டிப் பார்க்கக் கொண்டுவந்திருந்தார். வெள்ளை. ஏழு இருக்கை.

"நீ கேட்டதுதான். புடிச்சிருந்தா இதையே பேசி முடிச்சிடலாம்" என்றான். என்றார். வாசலில் நின்றுகொண்டு, அடி வாங்கக் காத்திருக்கிற மாதிரி.

"ஏழு எதுக்கு?" என்றேன்.

உள்ளே ஏறிப் பார்க்கக்கூட இல்லை. அதைத் திருப்பிக் கொண்டு விடுவதற்கு அவர் தனியாகப் போனார். தெருமுனை வரைக்கும் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, பாவமாக இருப்பதற்கும் மன்னிப்பதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

செப்டம்பர் 15, ஞாயிறு

மறுபடியும் சந்தை. இந்தத் தடவை நான்தான் முன்னால் நடந்தேன். போன மாதத்திலிருந்து ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்: நவம்பரில் பழைய காருக்குக் கணவாய் மூடும். மூடினால் மார்ச். அவள் உட்காரப் பழகுவதும் பல் முளைப்பதும் அந்த நான்கு மாதத்தில்தான்.

வேன் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. உயரமான வண்டிகளாகப் பார்த்தேன். மண்டியிட்டு அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவில் கையைச் செங்குத்தாக வைத்து அளந்தேன். பச்சை நிற சுபாரு ஒன்று. காந்தம் ஒட்டியது, ஒரு கதவில் மட்டும் ஒட்டவில்லை. போகட்டும். எப்போதும் நான்கு சக்கரமும் சேர்ந்தே இழுக்குமாம். அதைத்தான் மூன்று தடவை கேட்டேன்.

"ஜனவரியில கிசார்ட் ஏறுமா?"

விற்றவர் குண்டாக, கலகலப்பாக இருந்தார். "ஏறும் அக்கா. இறங்கும். நீங்க சொன்னா நடுவுல நின்னு பாட்டும் பாடும். ஆனா பெரிய குடும்பம்னா யோசிச்சுக்கோங்க, பின்னாடி மூணு பேருக்கு மேல கஷ்டம். எத்தனை பேரு நீங்க?"

குபானிச் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அஞ்சு" என்றேன். "அஞ்சு பேர்தான். போதும்."

நவம்பர் 6

கணவாயில் முதல் பனி என்று வானொலியில் சொன்னார்கள். குபானிச் அன்றே போய்ப் பனி டயர் மாற்றிக்கொண்டு வந்தார். நான் சொல்லவில்லை.

ஜனவரி 25, 2020. சனி

போய்வந்தோம்.

மைனஸ் பதினெட்டு, வானம் பளிச்சென்று. பிள்ளைகளை மாமனாரிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும். ஜப்பான் வண்டி, ஸ்டியரிங் வலப்பக்கம். நாங்கள் ஓட்டுவதும் சாலையின் வலப்பக்கம். ஆகையால் முன்னால் போகிற லாரியைத் தாண்ட இடம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிற நான்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். "போங்க." "வேண்டாம், வருது." "இப்ப போங்க." இரண்டரை மணி நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஆனால் நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவர் யோசிக்காமல் போனார்.

கணவாய் உச்சிக்கு முன்னால் இரண்டு கார் மாட்டிக்கொண்டு நின்றன. எங்களுடையது நிற்கவில்லை.

ராய்கான் அக்கா வாசலிலேயே நின்றாள். மெலிந்துவிட்டாள், முகம் சிவந்து இருபது வயது குறைந்த மாதிரி. இடுப்பில் பெர்மெத். மேலே இரண்டு, கீழே இரண்டு பல். என் மூக்கு அப்படியே இருக்கிறது.

"யாரு வந்திருக்கா பாரு! சித்தி வந்திருக்கா, உன்னைப் பார்க்கப் பனியில ஏறி சித்தி வந்திருக்கா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன், சிரித்தேன்.

வாங்கிக்கொண்டேன். கனம். ஒன்பது கிலோ இருக்கும். வெண்ணெய் வாசனை, அடுப்புப் புகை வாசனை, இந்த வீட்டு வாசனை. ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தாள். நெற்றிச் சுருக்கம் வந்தது. உதடு பிதுங்கியது. அப்புறம் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். என் கையிலிருந்து பின்னால் வளைந்து, திரும்பி, இரண்டு கையையும் அக்கா பக்கம் நீட்டிக்கொண்டு. ம்மா, ம்மா என்று.

அக்கா கையை நீட்டவில்லை. பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர். "கொஞ்ச நேரம் வெச்சுக்கோ, பழகிடும்" என்றாள். "பழகிடும்மா, உன்னைத் தெரிஞ்சுக்கும்."

பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள். நான் எதற்குக் காத்திருக்கிறேன்?

கொடுத்தேன். இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, யாரும் ஆசி சொல்லவில்லை, நானேதான் நீட்டினேன். உடனே அழுகை நின்றுவிட்டது. அக்கா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் என்னைப் பார்த்தாள்.

இருட்டுவதற்குள் கணவாயைத் தாண்ட வேண்டும் என்று மூன்று மணிக்குக் கிளம்பினோம். வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. எங்கேயும் வழுக்கவில்லை.